பதினெட்டு நிமிடம் எரிந்த நல்வரவு

1974 ஆகஸ்ட் 28, புதன்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். வாலாஜாபாத் பக்கம் நல்ல மழை; எங்கள் ஊரில் பத்து நிமிடத் தூறலோடு சரி. காற்று துளியும் இல்லை. பந்தல் கீற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நேரம் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின்படி. அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பி வைப்பார். அப்படியானால் புதன்கிழமைக்குள் ஆறு நிமிடம் முந்தியிருக்க வேண்டும், சரியான நேரம் ஆறு முப்பத்து நான்கு. ஆனால் கல்யாண வேலையில் அந்த ஞாயிறு அவர் கடிகாரத்தைத் தொட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஆறு நாற்பது என்றே வைத்துக்கொள்கிறேன். முடிந்த நேரத்தையும் அதே கடிகாரத்தில்தான் பார்த்தேன், ஆகவே இடைவெளி தப்பாது.

அந்த நிமிடத்தில்தான் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மெயின் சுவிட்சின் கைப்பிடியை மேலே தள்ளினார். மறுநாள் அக்காவுக்குக் கல்யாணம். அன்று மாப்பிள்ளை அழைப்பு. வாசல் பந்தலின் நெற்றியில் ஒரு பலகை. அதில் 'நல்வரவு' என்று ஐந்து எழுத்து. எழுத்துக்கு நாற்பது சின்ன பல்ப், மொத்தம் இருநூறு. எனக்கு வயது பதினொன்றும் நான்கு மாதமும்.

எங்கள் வீடு வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருந்தது. அந்தப் பந்தல் போட்ட இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நேற்று எண்ணினேன், நாற்பத்தொன்று. நான் இரண்டு தெரு தள்ளி மாடியில் இருக்கிறேன். அது இருக்கட்டும்.

மாமா எங்கள் வீட்டோடு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருடத்தில் நான் எண்ணியவரை நான்கு தொழில் செய்தார். சைக்கிள் கடையில் வேலை. முதலாளியின் சைக்கிளையே பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் நின்றார். கோழி வளர்த்தார், கோழிகளுக்குச் சீக்கு வந்தது. டூரிங் கொட்டகையில் படம் ஓட்டப் போனார். கொட்டகையையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான்காவதுதான் லைட் செட். பல்லாவரத்தில் ஒருவர் கடையை மூடியபோது, அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்து, ஒரு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபயர், ஐந்தெழுத்துப் பலகை, முள் ஆடிக் காட்டும் ஒரு வோல்ட் மீட்டர் எல்லாவற்றையும் வாங்கி வந்தார். கடை கிடையாது. எல்லாம் எங்கள் மாட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தன.

அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க். அவர் மாமாவைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இன்ஜினியரே" என்பார். "இன்ஜினியருக்குச் சோறு போட்டாச்சா?" என்று அம்மாவைக் கேட்பார். மாமா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அந்தச் சிரிப்பை நான் அப்போது உண்மை என்று நம்பினேன்.

முதல் வேலையாக அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பலகையை மாமா கட்டினார். விளக்கு எரிந்தது, எரியவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எலுமிச்சம்பழ நிறத்தில், பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் எரிவது தெரியும்படி எரிந்தது. அப்பா ஊர்க்காரர் பத்துப் பேர் நடுவில் சொன்னார்:

"இன்ஜினியரே, இதுக்கு நாலு மின்மினிப் பூச்சியப் புடிச்சி கட்டியிருந்தா செலவும் மிச்சம், வெளிச்சமும் மிச்சம்."

அதற்கு மாமா பொறுப்பில்லை. எங்கள் வீடு மின்சார லைனின் வாலில் இருந்தது. டிரான்ஸ்பார்மருக்கும் எங்களுக்கும் நடுவில் இருபத்து மூன்று பம்பு செட். மத்தியானம் தொடங்கி ராத்திரி வரை அத்தனையும் ஒன்றாகத் தண்ணீர் இறைக்கும். மெலிந்த கம்பி, நீண்ட தூரம். எங்களிடம் வந்து சேரும்போது மீட்டர் முள் நூற்று எண்பதைத் தாண்டாது. இருநூற்று முப்பதுக்குச் செய்த விளக்குக்கு நூற்று எண்பது கொடுத்தால் அது என்ன செய்யும்? இதை மாமா அப்பாவிடம் சொல்லப் பார்த்தார். "ஆடத் தெரியாதவளுக்கு" என்று அப்பா ஆரம்பித்தார், அம்மா உள்ளேயிருந்து பாத்திரத்தை ஓங்கி வைத்தாள், அவர் முடிக்கவில்லை.

ஆவணியில் அக்கா கல்யாணம் என்று முடிவானபோது, வெளியிலிருந்து லைட் செட் கொண்டுவர அப்பா ஆள் சொல்லியிருந்தார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டே அப்பா மாமாவைக் கூப்பிட்டார்.

"சரி, நீயே கட்டு. படப்பையில பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கடை காலியா கீதாம். சம்பந்தி ஊட்டுக்காரன் முன்னாடி விளக்கு ஒயுங்கா எரிஞ்சிதுன்னு வெச்சிக்க, கடைக்காரன்கிட்ட நானே வந்து உனக்காகப் பேசறேன், அட்வான்சும் நானே தரேன். எரியல, பம்பாய்ல என் சித்தப்பா மவன் லேத் பட்டறை கீது. பொட்டியக் கட்டிகினு போய்ச் சேர்."

"எரியும் மாமா," என்றார் மாமா. (அவர் என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.)

"எரியும்னா எப்படி? பொங்கலுக்கு எரிஞ்ச மாரியா?"

கல்யாணத்துக்கு இருந்த பன்னிரண்டு நாளும் மாமா சரியாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரே பாயில்தான் படுத்தோம். புரண்டுகொண்டே இருப்பார். ஒரு தடவை இருட்டில், "கணக்கு, முயிச்சினு கீறியா?" என்றார். என்னை அவர் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்; நான் அப்போதே எதைக் கண்டாலும் எண்ணிக்கொண்டிருப்பேன். "முயிச்சினுதான் கீறேன்" என்றேன். "கடைக்கு இன்னா பேர் வெக்கலாம்?" என்று கேட்டார். நான் மூன்று பேர் சொன்னேன். மூன்றும் நல்லாயில்லை என்றார். அப்புறம் நான் தூங்கிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு, குழாய் ஸ்பீக்கருக்கு வேண்டிய ஏதோ ஒரு சாமானுக்காக மாமா சைக்கிளில் படப்பை கிளம்பினார். போவதற்கு முன் பலகையைக் கொட்டகையில் பாய் விரித்து அதன்மேல் படுக்க வைத்தார். ஒரு டார்ச் லைட் பேட்டரியும் இரண்டு துண்டு வயரும் என்னிடம் தந்தார். ஒவ்வொரு பல்பாகத் தொட்டுப் பார். எரியாததைக் கழற்றிவிட்டு இந்தப் பெட்டியிலிருந்து புதிது போடு என்றார். பெட்டியில் பன்னிரண்டு புதிய பல்ப் இருந்தன.

"புது பல்பு பத்தலன்னா?"

"ஒண்ணு ரெண்டு பத்தலன்னா, செத்த பல்போட ரெண்டு காலையும் ஒரு கம்பியால சேத்து முறுக்கிடு. ஒட்டு போடறதுன்னு பேரு. அதும்மேல போயிடக் கூடாது."

"ஏன்?"

"கூடாதுன்னா கூடாது. வந்து சொல்றேன்."

அவருக்கு வந்து சொல்ல நேரம் கிடைக்கவில்லை. எனக்கு அது ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தொண்டையில் நிற்கிறது. 'ஏன்' என்று கேட்டால் உடனே சொல்லிவிட வேண்டும்; சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும்.

இந்தச் சீரியல் விளக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆறு வோல்ட் பல்ப் ஒன்றை நேரே வீட்டு மின்சாரத்தில் செருகினால் கண் சிமிட்டும் நேரத்தில் செத்துவிடும். அதனால் நாற்பதை ஒன்றின் வாலை ஒன்று பிடித்தாற்போல் வரிசையாகக் கோத்து, மொத்த வரிசைக்குமாகச் சேர்த்து மின்சாரம் கொடுப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வந்துவிடும். ஒரே வழி, நாற்பதையும் தாண்டித்தான் மின்சாரம் வெளியே போக முடியும். நடுவில் ஒன்று செத்தால் வழி அடைபட்டு மற்ற முப்பத்தொன்பதும் அணைந்துவிடும். ஒட்டுப் போட்டால் மின்சாரம் அந்தப் பல்புக்குள் போகாமல் கம்பி வழியாகத் தாண்டிவிடும். இப்போது வருபவை அப்படியில்லை. என் வீட்டுக் கீழ் அறைகளில் கம்பெனி பையன்கள் ஆறு பேர் குடியிருக்கிறார்கள், எல்லாம் தென்காசிப் பக்கம். போன மாதம் ஆயுத பூஜைக்கு வாசலில் சீன விளக்கு மாலை கட்டினார்கள். நான் கீழே இறங்கிப் போய் எத்தனை பல்ப், எத்தனை வோல்ட் என்று கேட்டேன். "சார், இதுல ஒண்ணு அவிஞ்சாலும் மத்தது எரியும், நீங்க போயி நிம்மதியா உறங்குங்க" என்றான் ஒருவன். இன்னொருவன், "அவரு உறங்க மாட்டாருல, எண்ணி முடிக்கணும்லா" என்றான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சொல்ல வந்ததற்கு வருகிறேன். இருநூறையும் தொட்டுப் பார்த்தேன். செத்தவை முப்பத்தொன்று. புதியவை பன்னிரண்டு. மீதி பத்தொன்பது. ஒன்று இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தார். எழுத்துக்கு ஒன்று இரண்டா, மொத்தமே ஒன்று இரண்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வேறு வழியும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆறரைக்கு வருகிறார்கள். பத்தொன்பதுக்கும் ஒட்டுப் போட்டேன்.

பிறகு எரிகிறதா என்று பார்க்க வேண்டுமே. கொட்டகையில் ஒரு பிளக் இருந்தது. வயரின் இரண்டு நுனியையும் ஓட்டையில் நுழைத்துத் தீக்குச்சி செருகி இறுக்கினேன். பதினொரு வயதுப் பையனை அப்படிச் செய்ய விட்டுவிட்டு ஒரு வீட்டில் பதினேழு பெரியவர்கள் முறுக்குச் சுட்டுக்கொண்டும் வெற்றிலை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். இன்று என் பேரன் அப்படிச் செய்தால் எனக்கு நெஞ்சு நின்றுவிடும்.

எரிந்தது. எரிந்தது மட்டுமல்ல. ஒட்டு ஒன்றுகூட இல்லாத 'வ' எலுமிச்சம்பழ நிறத்தில் எரிய, ஏழு ஒட்டுப் போட்ட 'ர' பளிச்சென்று எரிந்தது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நாற்பது எரிவதைவிட முப்பத்து மூன்று எரிவதில் வெளிச்சம் அதிகம்! எப்படி? பாயில் உட்கார்ந்து யோசித்தேன். நாற்பது பேருக்குப் பங்கு போட்ட பாயசத்தை முப்பத்து மூன்று பேருக்குப் போட்டால் ஆளுக்குக் கூட வரும். அவ்வளவுதான் சங்கதி. இது மாமாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. பொங்கலுக்கே தெரிந்திருந்தால் மின்மினிப் பூச்சிப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு யாரையும் காரணம் சொல்ல முடியாது. நன்றாக இருந்த 'வ'வில் நான்கு நல்ல பல்புக்கு ஒட்டுப் போட்டேன். வெளிச்சம் ஏறியது. இன்னும் நான்கு. இன்னும் ஏறியது. ஐந்து எழுத்தும் சமமாக இருக்க வேண்டுமே என்று மற்றவற்றுக்கும் போட்டேன். துண்டுக் கம்பி தீர்ந்தபோது நிறுத்தினேன். கம்பி எண்பது துண்டு, எழுத்துக்குப் பதினாறு. இருபத்து நான்கு எரிந்தது, பதினாறு எரியவில்லை. எரியாத இடமே தெரியாத அளவுக்கு, மத்தியான வெயில் கீற்று வழியாக விழுந்துகொண்டிருக்கும்போதே, ஐந்தெழுத்தும் ஜொலித்தன. மீட்டர் முள் நூற்று எழுபத்தைந்தில் நின்றது. தீக்குச்சியைப் பிடுங்கிவிட்டுப் பலகைமேல் சாக்கை மூடினேன். யாரிடமாவது உடனே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சொல்லவில்லை. மாமா சுவிட்சைப் போட்டு அசந்துபோகட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்தது ஐந்தேகாலுக்கு. வழியில் சைக்கிள் பஞ்சர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குழாயைக் கட்டினார், ஆம்ப்ளிபயரைப் பூட்டினார், பலகையைத் தூக்கி ஏணியில் ஏற்றினார். ஏணிமேலிருந்தே கேட்டார்:

"எல்லாம் எரியுதா கணக்கு?"

"எரியுது மாமா."

"எத்தினி மாத்தின?"

"பன்னண்டு."

உண்மைதான். மாற்றியது பன்னிரண்டுதான். ஒட்டுப் போட்டது எத்தனை என்று அவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் தூறல். எங்களுக்குத் தூறல், மேற்கே மழை. வயலில் தண்ணீர் விழுந்ததும் ஒவ்வொருவராகப் பம்பு செட்டை நிறுத்திவிட்டு வீடு திரும்பினார்கள். அது யாருடைய கவனத்திலும் இல்லை. கல்யாண வீட்டில் பம்பு செட்டைப் பற்றி யார் நினைப்பார்கள்? கூடத்து நாற்பது வாட் பல்ப் திடீரென்று வெள்ளையாக எரிவதைப் பார்த்து ஓர் அத்தை, "கல்யாணம்னதும் கரண்டுக்குக்கூட களை வந்துடுச்சி பாரு" என்றாள்.

ஆறு நாற்பதுக்கு மேளச் சத்தம் தெருமுனை திரும்பியது. மாமா கைப்பிடியைத் தள்ளினார்.

நான் என் வாழ்க்கையில் நிறைய விளக்கு பார்த்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி ராத்திரியில் எரிவதை இந்த மாடியிலிருந்தே வானத்தில் பார்க்கலாம். ஆனால் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்ததில்லை. மஞ்சளே இல்லை, பால் வெள்ளை. தெருவில் நின்றவர்களின் நிழல் பின்னால் நீளமாக விழுந்தது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்தாமலே தலையைத் தூக்கிப் பார்த்தார். குழந்தைகள் கத்தின. மாப்பிள்ளையின் பெரியப்பா, கட்டை குட்டையான மனிதர், ஊரில் எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர் என்று பேர், அவரே கேட்டார்:

"மெட்ராஸ்லேர்ந்து வரவயிச்சீங்களா சம்பந்தி?"

அப்பா தெரு நடுவில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு, மேளத்துக்கு மேல் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மெட்ராஸ் எதுக்கு? என் மச்சான் கட்டினது. என் சொந்த மச்சான்."

நான் மாமாவைத் தேடினேன். அவர் பந்தல் காலுக்குப் பக்கத்தில், சுவிட்சுப் பலகையடியில் நின்றார். மீட்டரில் முள் இருநூற்று நாற்பதில் நின்றது. அவருடைய வலது கை மெயின் சுவிட்சின் கைப்பிடிமேல் இருந்தது. முகமெல்லாம் வியர்வை. ஒரு தடவை பலகையைப் பார்த்தார், உதடு அசைந்தது; சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் அவர் பலகையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தபடி நின்றார். அப்பா ஒவ்வொருவராக ஆள் பிடித்து, கையைத் தூக்கி எழுத்துகளைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆரத்தி எடுத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். அப்பா போய் மாமாவின் தோளில் கையைப் போட்டு மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் இழுத்துவரப் பார்த்தார். "இருக்கட்டும் மாமா, இங்க ஆள் வேணும்" என்று மாமா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கையையும் எடுக்கவில்லை.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு 'ந' ஒரு நீலச் சிமிட்டலோடு அணைந்தது. ஏழு மணிக்கு 'ல்'.

மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டென்று சொன்னார்: "இன்னா சம்பந்தி, நல்லது பூட்டுது, வரவு மட்டும் நிக்குது?"

அவர்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்து 'ர'. பிறகு 'வ'. ஏழு ஏழுக்குக் கடைசி எழுத்தும் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாங்க இது, உள்ள நொயயும்போதே அணையுது?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்க்க, யாரோ அவளைப் பின்னால் இழுத்தார்கள். பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தார்கள். அதை ஏற்றிப் பம்ப் அடித்து முடிக்க ஆறு நிமிடம்.

அப்பா மாமாவிடம் மெதுவாகத்தான் வந்தார்.

"இன்னாடா ஆச்சி?"

"வோல்டேஜ் ஏறிட்ச்சி மாமா. என் தப்பு. ஒரு ரெசிஸ்டன்ஸ் போட்டிருக்கணும்."

"ரெசிஸ்டன்ஸ்," என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியாது. "வாயத் தொறந்து என் மச்சான்னு சொன்னேன் பாரு. என்னியத்தான் சொல்லணும்."

நான் நான்கடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் மறுநாள் காலை குறையில்லாமல் நடந்தது. அக்காவுக்கு இன்று நான்கு பேரப்பிள்ளைகள். அணைந்த விளக்கால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒருவரைத் தவிர.

பத்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் கரும்பலகையில் மூன்று சொல்லை எழுதினார்: மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை. அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம். வகுப்பில் மற்றவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நான் நோட்டின் ஓரத்தில் வேறு கணக்குப் போட்டேன். நூற்று எண்பதை நாற்பதால் வகுத்தால் நான்கரை: ஆறு வோல்ட் பல்புக்கு நான்கரை வோல்ட், மின்மினிப் பூச்சி. நூற்று எழுபத்தைந்தை இருபத்து நான்கால் வகுத்தால் ஏழு சொச்சம்: ஜொலிக்கும், கொஞ்ச நாள் தாங்கும். இருநூற்று நாற்பதை இருபத்து நான்கால் வகுத்தால் பத்து. ஆறு தாங்கும் பல்புக்குப் பத்து. என் பாயசக் கணக்கு தவறில்லை, ஆனால் பாதிக் கணக்கு. ஆள் குறைந்தால் பங்கு கூடும் என்பது சரி. வழியை மறித்து நின்றவர்களே அந்த ஆட்கள்தான். அவர்களைக் குறைக்கக் குறைக்க அண்டாவுக்குள் வந்து விழும் பாயசமும் கூடிக்கொண்டே போகும் என்பதை நான் பார்க்கவில்லை. அன்று மழையில் பம்பு செட்டெல்லாம் நின்றதால் அழுத்தமும் மேலே இருந்து ஏறியது. இழை சூடேறினால் தடையும் கொஞ்சம் ஏறும், ஆகையால் இந்தக் கணக்கு நேர்கோட்டில் வராது என்று பிற்பாடு படித்தேன். அதையும் சேர்த்து எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். பல்புகளைப் பொறுத்தவரை கணக்கு சரியாகவே வருகிறது.

வராதது வெள்ளிக்கிழமைக் காலையில் இருக்கிறது.

மாமாவுக்குப் பஸ் ஐந்து ஐம்பதுக்கு. தாம்பரம் போய், அங்கிருந்து சென்ட்ரல், அங்கிருந்து பம்பாய். அப்பா முந்தின நாள் ராத்திரியே தன் சித்தப்பா மகனுக்குக் கடிதம் எழுதி மாமா கையில் கொடுத்துவிட்டார். அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். நான் மட்டும் சாலை வரை போனேன். டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான். புளியமரத்தடியில் இறக்கி வைத்தோம். இரண்டு நாளாக நெஞ்சில் இருந்ததைச் சொன்னேன்.

"மாமா, அந்த பல்பு... நான்தான்."

"தெரியும்டா."

"எய்த்துக்குப் பதினாறு ஒட்டு போட்டேன்."

"தெரியும். இருபத்து நாலுதான் எரிஞ்சிது. எண்ணினேன்."

"எப்ப? கயட்டும்போதா?"

"எரிஞ்சிகினு இருக்கும்போதே."

எனக்கு அது புரியவில்லை. "அப்ப ஏன் அணைக்கல? அணைச்சிட்டு ஒட்டப் பிரிச்சிருந்தா கால் மணி நேரத்துல சரி பண்ணியிருக்கலாமே?"

மாமா பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பா பாத்துகினு இருந்தாரு," என்றார்.

பயம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அப்பா என்றால் பயம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதையும் அணைக்க எனக்கும் கை வந்திருக்காது. இவ்வளவு பெரிய ஆள் என்னைப் போலவே பயப்படுகிறாரே என்று ஓர் ஆறுதல்கூட வந்தது.

அப்புறம் ட்ராயர் பையிலிருந்து என் சேமிப்பு முழுவதையும் எடுத்து நீட்டினேன். பல்ப் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பெரியவர்கள் இப்படி நேரத்தில் தலையைத் தடவி, "நீயே வெச்சிக்க" என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் முழுவதையும் நீட்டினேன். மாமா வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் கொட்டி, என்னைப் போலவே ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்து காசு ஒன்றைக்கூடத் திருப்பித் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது. ஏறினார். ஜன்னலில் கையை ஆட்டினார், நான் ஆட்டவில்லை. வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். மாமா போகிறாரே என்று அழுவதாக நினைத்து அம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் அழுதது காசுக்கு.

அந்தக் கோபம் எனக்குப் பல வருடம் இருந்தது. பம்பாயிலிருந்து அவர் இரண்டே தடவைதான் ஊருக்கு வந்தார். இரண்டு தடவையும் நான் சரியாகப் பேசவில்லை. கடிதத்தைக் கொடுத்து, பஸ், ரயில் கட்டணத்துக்கு மேல் ஒரு காசு இல்லாமல் அப்பா அவரை அனுப்பினார் என்பதும், சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்த அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவர் சாப்பிட்டது என் காசில்தான் என்பதும் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. சொல்லும்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. மாமா அப்போது உயிரோடு இல்லை.

கைப்பிடியைக் கீழே இழுக்க அரை நொடி போதும். இழுத்திருந்தால் பல்புகள் பிழைத்திருக்கும், படப்பையில் கடை கிடைத்திருக்கும். அந்த அரை நொடிக்காக அவர் கை பதினெட்டு நிமிடம் அங்கேயே இருந்தது. எதிரே தெரு நடுவில் நின்று அப்பா ஒவ்வொருவரிடமும் 'என் மச்சான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஏழு வருடத்தில் முதல் தடவையாக. அதை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு என் பங்காகப் போனது, புளியமரத்தடியில் கொடுத்ததைக் கடைசிக் காசு வரை கூட்டிப் பார்த்தால், ஏழு ரூபாய் முப்பத்தைந்து காசு.